ஈரத்தை மிதித்த தவமணி

வேலைச் சீட்டில் இரண்டு வரிதான் இருந்தது. ஹால் கேமராவின் படம் நடுங்குகிறது, சரிபார்க்கவும். செவ்வாய்க்கிழமை காலைப் பதிவில் சுத்தமான நகல் ஒன்று தேவை, போலீசுக்கு.

போலீஸ் என்ற சொல்லைப் பார்த்தாலே சுகுணாவுக்கு அந்த வேலை பிடிக்காது. ஒன்பது வருஷமாக வீட்டுக்கண் கம்பெனியில் கேமரா பழுது பார்க்கிறாள். போலீசுக்குப் போகும் நகல் என்றால் பெரும்பாலும் வீட்டு வேலை செய்கிற யாரோ ஒருத்தி மாட்டியிருப்பாள். பழுதைப் பார்த்து, நகலைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர் நீட்டும் காபியைத் தொடாமல் வெளியே வந்துவிடுவது அவள் வழக்கம்.

சரவணம்பட்டியைத் தாண்டி இருந்த அந்த அடுக்ககத்தில் நான்கு பிளாக், முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். விளக்கு, விசிறி, கதவு எல்லாம் வீட்டுக்கண் பார்த்து இயக்குவதுதான். யாரும் சுவிட்சைத் தொடுவதில்லை. வாசல் கேட்டும் அப்படித்தான். அட்டையைக் காட்டினால் பச்சை எரியும், போகலாம். சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டியதுதான். ஓர் அடுக்ககத்தில் சிவப்பு விழுந்துவிட்டால் கோயமுத்தூரில் எந்த அடுக்ககத்துக் கேட்டும் திறக்காது. வீட்டு வேலை செய்து பிழைப்பவர்களுக்கு அதன் பிறகு இந்த ஊரில் வழி இல்லை.

கேட்டுக்கு வெளியே, வீட்டுமனை விளம்பரப் பலகையின் நிழலில் ஒருத்தி நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் கட்டைப்பை, அதற்குள் டிபன் பாக்ஸ். வேலைக்குக் கிளம்பி வந்தவளின் கோலம், ஆனால் நிற்பது வெளியே. காவலாளி முனிராஜ் சுகுணாவின் அட்டையைச் சரிபார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தி விவரம் சொன்னான். பேர் தவமணி. பி பிளாக் ஒன்பதாம் மாடியில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள். செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்து போட்டுவிட்டுக் குப்பை கொட்டப் போய்விட்டாள். பெரியவர் வெளியே போய்ப் படியில் உருண்டு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இன்று சாயந்தரம் ஐந்து மணிக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். அதில் புகாரில் கையெழுத்துப் போட்டுப் போலீசுக்குக் கொடுத்துவிடுவார்கள். மூன்று நாளாகக் காலை எட்டு மணிக்கே வந்து நிற்கிறாள், போகச் சொன்னாலும் போவதில்லை.

“நிக்கறது ரோட்டு மேல. ரோட்டுல நிக்கறவங்கள நான் என்னங்க மேடம் பண்றது?” என்றான் முனிராஜ்.

சுகுணாவின் அட்டைக்குப் பச்சை எரிந்தது.

வீட்டுக்காரர் ஜெகதீசன் கணபதியில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறை வைத்திருப்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. மூன்று நாளாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் கண் சிவந்து கிடந்தது. அப்பா நாச்சிமுத்து ஐம்பது வருஷம் முன்னால் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். இப்போது ஞாபகம் பிசகி, திடீர் திடீரென்று எழுந்து ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவார். அதற்குத்தான் ஆள் வைத்தது, அதற்குத்தான் கேமரா, அதற்குத்தான் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. மூன்றும் இருந்தும் இப்படி ஆகிவிட்டதே என்பதை ஜெகதீசனால் தாங்க முடியவில்லை. சுவர்த் திரையில் படத்தை ஓடவிட்டார்.

தவமணி மாப் போடுகிறாள். வாசல் கதவருகே தொடங்கி, பின்பக்கமாக நகர்ந்து, சமையலறை வாசல்வரை துடைத்துக்கொண்டே உள்ளே போய்விடுகிறாள். மூலையில் மணி பதினொன்று எட்டு. பெரியவர் உள் அறையில், ஹால் காலி. ஒரு நிமிஷம் கழித்துப் படம் லேசாக நடுங்குகிறது. பதினொன்று பத்துக்கு அவள் இரண்டு கையிலும் குப்பைப் பையோடு சமையலறையிலிருந்து வருகிறாள், ஹாலின் நடுவே நடக்கிறாள், கதவு திறக்கிறது, போய்விடுகிறாள். கதவு அப்படியே திறந்து கிடக்கிறது. பதினொன்று பதினான்குக்குப் படம் மறுபடி நடுங்குகிறது. நடுக்கம் நின்றதும் அவள் சமையலறை வாசலில் கஞ்சி டம்ளரோடு நிற்கிறாள். திறந்த கதவைப் பார்க்கிறாள். டம்ளரை வைத்துவிட்டு ஓடுகிறாள்.

“இந்த நடுக்கத்தத்தான் சரி பண்ணித் தரணும்,” என்றார் ஜெகதீசன். “அவ திரும்பி வந்தது இதுல விட்டுப்போச்சு. அப்பா வெளிய போனதும் விட்டுப்போச்சு. கோர்ட்ல அதக் கேப்பாங்க.”

சுகுணா இன்னொரு முறை ஓடவிடச் சொன்னாள். பிறகு இன்னொரு முறை. மூன்றாம் முறை, பதினொன்று பத்தில் நிறுத்தச் சொன்னாள். தரையில் ஈரம் பளபளத்தது. அதன் நட்டநடுவில் தவமணியின் வலது கால்.

“ஈரத்து மேல நடக்கறாங்க சார்.”

“அதனால என்ன?”

அதனால் என்ன என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. அவர் வாழ்க்கையில் ஒரு நாளும் தரை துடைத்ததில்லை. சுகுணா திருப்பூரில் சாயப்பட்டறைத் தொழிலாளியின் மகள். பாலிடெக்னிக் படித்த மூன்று வருஷமும் விடியற்காலையில் அம்மாவோடு கல்யாண மண்டபம் துடைத்தவள். அறுநூறு பேர் சாப்பிட்ட தரை. பின்பக்கமாக நகர்ந்து துடைக்க வேண்டும், துடைத்ததை மிதிக்கக் கூடாது. மிதித்தால் கால் தடம் காய்ந்து வெள்ளையாக நிற்கும், மேனேஜர் முதலிலிருந்து துடைக்கச் சொல்வான். ஒரு வாரம் மாப் பிடித்தவளுக்கே அது காலில் ஏறிவிடும். எரிகிற அடுப்பில் கை வைக்காத மாதிரி ஈரத்தில் கால் வைக்க மாட்டாள். இந்தப் படத்தில் இருப்பவள் பதினேழு வருஷமாக வீடு துடைப்பவள். தான் துடைத்த தரையை இரண்டு நிமிஷத்தில் குறுக்கே மிதித்துப் போகிறாள். தடம்கூட விழவில்லை.

ஒரு சாமான் தேவைப்படுகிறது என்று சொல்லிவிட்டு சுகுணா கீழே இறங்கிப் போனாள்.

தவமணி அவளைப் பார்த்ததும் நிழலிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தாள். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லச் சொன்னபோது, நான்கு பேருக்குச் சொல்லிச் சலித்த குரலில் சொன்னாள்.

“அன்னைக்கு டேங்க் கழுவுனாங்கங்க அம்மிணி. தண்ணி வர்றப்பவே பத்தே முக்கால். எப்பவும் பத்தரைக்கு மாப் போட்டு, பத்து அம்பதுக்குக் கஞ்சி சூடு பண்ணி, அதுக்கப்பறம் பதினொன்னு பத்துக்குக் குப்பை. அன்னைக்கு எல்லாமே பிந்திப்போச்சு. மாப் போட்டுட்டு உள்ற போனனா, தரை காயட்டும்னு கஞ்சிய ஓவன்ல வெச்சனுங்க. குப்பையத் தொடவே இல்லீங்க. கஞ்சிய எடுத்துட்டு வந்து பாத்தா கதவு தொறந்து கெடக்குது.”

“படத்துல நடக்கறது நீங்கதானக்கா?”

தவமணி கட்டைப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். “நாந்தானுங்க. என்ற சீலை, என்ற நடை. மூணு நாளா அதையே காட்டிக் காட்டிக் கேட்டாங்க. இப்ப எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க அம்மிணி. போயிருப்பனோ என்னமோன்னு. படுத்தா அந்தப் படந்தான் கண்ணுல ஓடுது, நாம் பண்ணது மறந்து போச்சு.”

கஞ்சியை ஓவனில் எப்படி வைத்தாள் என்று சுகுணா கேட்டாள். தவமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று நாளில் யாரும் கேட்காத கேள்வி அது.

“ஒரே மூச்சா வெச்சா பொங்கி வழிஞ்சுரும். கட்டி தட்டுச்சுன்னா பெரியவரு துப்பிப்போடுவாரு. நாப்பது செகண்ட் வெச்சு எடுத்துக் கலக்கோணும். மறுக்கா வெச்சு, மறுக்கா கலக்கோணும். அப்படி நாலு தடவ.”

“கலக்க எவ்வளவு நேரம்?”

“முப்பது நாப்பது எண்ணுற நேரம். ஏனுங்க அம்மிணி, உங்களுக்குக் கஞ்சி காச்சோணுமா?”

சுகுணாவுக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து மணிவரை எங்கேயும் போய்விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு மேலே ஓடினாள்.

கேமராக்களின் படம் கம்பியில்லாமல் வந்து சேரும் ரௌட்டர் பெட்டி டிவிக்குப் பின்னால் இருந்தது. எந்தக் கேமராவின் படம் எந்த நொடியில் அறுந்தது, எப்போது திரும்பி வந்தது என்று அது தன் பாட்டுக்கு ஒரு பட்டியல் எழுதிக்கொண்டே இருக்கும். யாரும் அதைத் திறந்து படிப்பதில்லை. செவ்வாய்க்கிழமைக்கு நேரே ஹால் கேமரா நான்கு தடவை அறுந்திருந்தது. நாற்பது நொடி அறுந்து, கொஞ்சம் வந்து, மறுபடி நாற்பது நொடி. முதல் அறுப்பு பதினொன்று ஒன்பதுக்கு. கடைசி அறுப்பு முடிந்தது பதினொன்று பதினான்குக்குச் சற்று முன்னால். அதற்கு முந்தைய நாட்களையும் பார்த்தாள். தினமும் பத்து ஐம்பதுக்கு அதே நான்கு தடவை. செவ்வாய் அன்று மட்டும்தான் தள்ளிப்போயிருந்தது.

சமையலறைக்குள் போனாள். மைக்ரோவேவ் ஓவன் பழையது. கதவின் கீல் தளர்ந்து, ஓரத்து ரப்பர் நைந்திருந்தது. அது இருந்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஹால் கேமரா. ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து உள்ளே வைத்தாள்.

“சார், நீங்க ஹால்லயே நில்லுங்க. திரையில உங்களயே பாருங்க,” என்று சொல்லிவிட்டு நாற்பது நொடிக்குப் பொத்தானை அழுத்தினாள்.

ஜெகதீசன் திரையைப் பார்த்தார். திரையில் அவர் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் அப்பாவின் காலி நாற்காலி. படம் லேசாக நடுங்கியது. பிறகு திரையில் அவர் இல்லை. நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு, மடியில் மடித்த பேப்பர். சமையலறையிலிருந்து தவமணி காபி டம்ளரோடு வந்தாள், ஊதி ஆற்றினாள், பெரியவர் கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டுத் தன் கையையும் அடியில் தாங்கினாள். மூலையில் மணி மூன்று பத்து, இன்றைய தேதி.

ஜெகதீசன் கையைத் தூக்கி ஆட்டினார். திரையில் எந்தக் கையும் ஆடவில்லை. நாற்காலியின் முதுகைத் தொட்டார். வெறும் ரெக்சின், சில்லென்றிருந்தது. திரையில் அப்பா ஒரு வாய் காபி குடித்தார்.

“அப்பா,” என்றார். யாரையும் கூப்பிடவில்லை, வாயில் வந்துவிட்டது.

ஓவன் மணி அடித்து நின்றது. படம் நடுங்கியது. திரையில் ஜெகதீசன் காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சுகுணா சமையலறை வாசலுக்கு வந்தாள். ஜெகதீசன் நாற்காலியை விடாமல் அவள் பக்கம் திரும்பினார்.

“ஆஸ்பத்திரியில இருக்கற மனுஷன் இங்க எப்படி உக்காந்திருக்காரு?”

“ஓவனும் கேமராவும் ஒரே அலையிலதான் பேசும் சார். உங்க பட்டறையில நாலு மோட்டார் ஓடுறப்ப பக்கத்துல இருக்கறவன் பேசறது காதுல விழுமா? அப்படித்தான். கதவு நைஞ்ச ஓவன் கத்தறப்ப கேமரா சொல்றது ரௌட்டருக்குக் கேக்காது, படம் அறுந்துரும். அந்தக் காலமா இருந்தா திரை கறுப்பாயிரும். இப்ப கறுப்பாகறதில்ல. இந்த நேரத்துக்கு இந்த வீட்டுல வழக்கமா என்ன நடக்குமோ அத வரைஞ்சு நிரப்பிக்கும். கம்பெனியில சீராக்கம்னு பேரு. நடுவுல துண்டு துண்டா நிஜப்படம் வந்தாலும் பாக்கறவங்களுக்கு உறுத்தும்னு அதையும் தூக்கிப் போட்டுட்டு மொத்தமா வரைஞ்சுரும்.”

“செவ்வாய்க்கெழம?”

“பதினொன்னு பத்துக்கு தவமணியக்கா தெனமும் குப்பை எடுத்துட்டுப் போவாங்க. வீட்டுக்கு அதான் தெரியும். அன்னைக்கு அந்த நேரத்துல படம் அறுந்துச்சு. குப்பையோட போறதா வரைஞ்சுருச்சு. ஈரத்துல கால் வெக்கமாட்டாங்கன்னு அதுக்குத் தெரியல. அதச் செஞ்சவங்க யாரும் மாப் போட்டதில்ல.”

பட்டியலைக் காட்டினாள். நான்கு அறுப்பு, நடுவில் மூன்று இடைவெளி, கஞ்சி கலக்குகிற நேரம். படம் அறுந்ததே அவள் ஓவன் பக்கத்தில் நின்றதற்குச் சாட்சி. ஓவனை ஒருவர் அங்கேயே நின்று நான்கு முறை அழுத்தாமல் அப்படி அறுந்திருக்காது.

ஜெகதீசன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டுக்கண் போட்ட புதிதில் பட்டறையிலிருந்து பார்க்கும்போது படம் நின்று நின்று போனதாகச் சொன்னார். நிற்கும் ஒவ்வொரு தடவையும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று போட்டது போட்டபடி வீட்டுக்குக் கிளம்புவார். தடையில்லாத காட்சி வேண்டுமா என்று ஒரு நாள் போனில் கேட்டது. வேண்டும் என்று அழுத்தினார்.

“நான் தடையில்லாமக் காட்டுன்னு கேட்டேன். இல்லாததக் காட்டுன்னு கேக்கலியே.”

சுகுணா தன் கையாலேயே நூற்றுக்கணக்கான வீடுகளில் அதைப் போட்டுவிட்டிருக்கிறாள். கேட்பவர்களிடம், படம் நல்லா வழுக்கிட்டு வரும் சார் என்று சொல்லியிருக்கிறாள்.

நான்கு மணிக்கு அவளுடைய சூப்பர்வைசர் டேவிட் கூப்பிட்டார். அவள் ரௌட்டர் பட்டியலைத் திறந்தது ஆபீசில் தெரிந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை, அதனால் அவர் பேசியது இன்னும் கஷ்டமாக இருந்தது. நகலைக் கொடு, ஓவனை மாற்றச் சொல், கிளம்பி வா என்றார். சீராக்கத்தைப் பற்றி வாடிக்கையாளர் கூட்டத்தில் பேசுவது வேலை ஒப்பந்தத்தையே மீறுவது, பேசினால் தன்னால் காப்பாற்ற முடியாது என்றார். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதையும் ஞாபகப்படுத்தினார்.

“எங்கம்மாவ ஒரு தடவ மண்டபத்துல செயின் எடுத்ததாச் சொல்லி மூணு மணி நேரம் உக்கார வெச்சாங்க சார்,” என்றாள் சுகுணா. “அப்ப கேமரா இல்ல. இருந்திருந்தா நல்லாருக்கும்னு நெனச்சுத்தான் இந்த வேலைக்கே வந்தேன்.” போனை வைத்துவிட்டாள்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஜெகதீசன் தானே கேட்டுக்குப் போனார். தவமணியின் அட்டைக்குச் சிவப்புதான் எரிந்தது, அதை மாற்றும் உரிமை சங்கச் செயலாளருக்கு மட்டும். ஆனால் குடியிருப்பவர் யாரை வேண்டுமானாலும் விருந்தாளி என்று பதிந்துகொள்ளலாம். ஜெகதீசன் போனை எடுத்து அப்படியே பதிந்தார். கேட்டுக்குப் பச்சை எரிந்தது. நான்கு வருஷமாகச் சாமான் லிஃப்ட்டில் ஏறி இறங்கியவளை முன்பக்க லிஃப்ட்டில் கூட்டிக்கொண்டு கிளப் ஹாலுக்கு வந்தார். லிஃப்ட்டுக்குள் இருந்த கண்ணாடியைப் பார்த்துத் தவமணி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

கூட்டத்தில் அறுபது பேர் இருந்தார்கள். செயலாளர் பத்மநாபன், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், புகாரைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். சுகுணா முன்னால் போய், ஓவனையும் பட்டியலையும் சீராக்கத்தையும் பற்றிச் சொன்னாள். முதலில் யாரும் நம்பவில்லை. ஜெகதீசன் தன் வீட்டு ஹாலில் மூன்று பத்துக்கு எடுத்த படத்தைப் பெரிய திரையில் போட்டார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெரியவர் காபி குடிப்பதை அறுபது பேரும் பார்த்தார்கள். தவமணியும் பார்த்தாள். திரையில் தன்னைப் பார்த்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பெரியவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்மநாபன் நிதானமான மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“படம் வரைஞ்சது. சரி, ஒத்துக்கறேன். ஆனா கதவு வரைஞ்சதில்லையே. அது நிஜமாத் தொறந்திருக்கு, அது வழியா நிஜமான மனுஷர் போய் விழுந்திருக்கார். அந்த நேரத்துல வீட்டுல இருந்தது ரெண்டே பேர். பெரியவர் கைரேகைக்கு அந்தப் பூட்டு தொறக்காது. அப்ப யார் தொறந்தது?”

படத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பூட்டைச் சுகுணா பார்க்கவே இல்லை. தவமணி ஏதாவது சொல்வாள் என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கும் தெரியவில்லை.

பூட்டுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் என்ன இருக்கும் என்று தெரியாமலேயே சுகுணா அதைப் பெரிய திரையில் திறந்தாள். என்ன இருந்தாலும் எல்லோரும் பார்க்கட்டும் என்று தோன்றியது. விரலால் தள்ளித் தள்ளிச் செவ்வாய்க்கிழமைக்கு வந்தாள். பதினொன்று பத்து என்பதற்கு நேரே ஒரே வரி.

கதவு திறக்கப்பட்டது. காரணம்: தவமணி, இரு கையிலும் சுமை.

அதன் கீழே இன்னொரு வரி. திரும்பி வரும்வரை திறந்து வைக்கப்பட்டுள்ளது.

யாருக்கும் உடனே புரியவில்லை. கை நிறையச் சாமானோடு வருகிறவர்களைக் கேமரா பார்த்துவிட்டால் கதவு தானாகத் திறக்கும். அந்த வசதிக்காகத்தான் பாதிப் பேர் வீட்டுக்கண்ணையே வாங்கியிருந்தார்கள். சுகுணா அந்த வரியை மறுபடியும் படித்தாள், இந்த முறை சத்தமாக.

“வீடுதான் தொறந்திருக்குங்க. அது வரைஞ்ச படத்த அதுவே பாத்து, அக்கா குப்பையோட வர்றாங்கன்னு நம்பி, கதவத் தொறந்து விட்டிருக்கு. இல்லாத ஆளுக்குத் தொறந்து வெச்சுக் காத்திருந்திருக்கு. அந்த வழியாத்தான் பெரியவர் போயிருக்காரு.”

பின் வரிசையில் ஒருவர் எழுந்து, தன் வீட்டுக் கதவை இப்போதே எப்படி நிறுத்துவது என்று கேட்டார். அதற்குள் நான்கைந்து பேர் போனை எடுத்துவிட்டார்கள். பத்மநாபன் கையமர்த்தினார். தவமணியின் அட்டையை உடனே பச்சையாக்கிவிடலாம், புகாரைக் கிழித்துவிடலாம், ஆனால் விஷயம் இந்த அறையைத் தாண்டாமல் இருப்பதுதான் அடுக்ககத்தின் பெயருக்கு நல்லது என்றார். தலைகள் ஆடின. சொன்ன மாதிரியே எல்லோர் முன்னாலும் புகாரைக் கிழித்தார். போனில் அட்டையை மாற்றினார்.

தவமணி உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசினாள்.

“எனக்கு மட்டும் பச்சை எரிஞ்சாப் பத்தாதுங்க. அந்தப் படத்த எத்தன குரூப்புக்கு அனுப்புனீங்க? என்ற மக காலேஜ்ல வரைக்கும் வந்துச்சு. அத எங்கெங்க அனுப்புனீங்களோ இதையும் அங்கங்க அனுப்போணும். இன்னொன்னு. சி பிளாக்ல பரமேஸ்வரி பீரோ ரூமுக்குள்ள போனான்னு படத்தக் காட்டித்தான் நிறுத்துனீங்க. டி பிளாக் ரோசலினு. ஏ பிளாக் சின்னப்பொண்ணு. எல்லாரும் போகலைன்னுதாஞ் சொன்னாங்க. நான் உட்பட யாரும் நம்பல. எனக்கு இப்படி நடக்கற வரைக்கும் நானும் படத்தத்தானுங்க நம்புனேன்.”

பத்மநாபன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெகதீசன் எழுந்து தவமணியின் பக்கத்தில் போய் நின்றார். ஏ பிளாக்கிலிருந்து ஒரு பெண் எழுந்து, சின்னப்பொண்ணு தன் வீட்டில்தான் வேலை பார்த்தாள், அந்தப் படத்தை முதலில் பாருங்கள் என்றாள்.

சிவப்பு விழுந்தவர்கள் மொத்தம் இருபத்து மூன்று பேர். ஒவ்வொருவர் படத்துக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்தந்த வீட்டு ரௌட்டர் பட்டியலோடு சுகுணா ஒப்பிட்டாள். அறுந்த நேரத்தில் விழுந்த படமா, அறாத நேரத்திலா, அவ்வளவுதான் கேள்வி. ஒவ்வொன்றாக விடை வர வர அறையில் யாரோ பெயரைச் சத்தமாகச் சொன்னார்கள். சின்னப்பொண்ணு பெயர் வந்தபோது அந்த ஏ பிளாக் பெண் அழுதுவிட்டாள். ஆறே கால் மணிக்கு முடிந்தது. பதினேழு படங்கள் வரைந்தவை; அந்தப் பதினேழு அட்டைகளையும் பத்மநாபன் பச்சையாக்கினார். ஆறு நிஜம்.

“அந்த ஆறு பேரு?” என்று பத்மநாபன் தவமணியைக் கேட்டார், இப்போது குரலில் மரியாதை இருந்தது.

“அது அவங்க பாடுங்க. செய்யாதவங்களுக்குத்தான் நான் கேட்டேன்.”

சீராக்கத்தை முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் நிறுத்துவது என்று கை தூக்கச் சொன்னார்கள். நான்கு பேர் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். சுகுணா சங்கத்தின் கணினியில் உட்கார்ந்து அதை நிறுத்தினாள். கிளப் ஹால் திரையில் இருந்த ஐம்பது கேமராப் படங்களில் ஏழெட்டு உடனே கறுப்பாயின. எத்தனையோ வருஷம் கழித்து அந்த அடுக்ககம் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னது.

தவமணி அதற்குள் போனில் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். சுகுணா கருவிப் பையோடு கேட்டுக்கு வந்தபோது வெளியே பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் வேலைக்கு வரவில்லை, அந்த நேரத்தில் யாருக்கும் வேலையும் இல்லை. பச்சை எரிகிறதா என்று பார்க்க வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியாக அட்டையைக் காட்டினாள். பச்சை எரிந்தது. உள்ளே ஓர் அடி வைத்துவிட்டு, திரும்பி வெளியே போய், மறுபடி காட்டினாள் ஒருத்தி. அதற்கும் பச்சை. முனிராஜ் முதலில் முறைத்தான், பிறகு விட்டுவிட்டான். ரோசலின் கூடவே மாமியாரையும் கூட்டி வந்திருந்தாள். அந்தம்மா கேட்டில் எரிந்த பச்சையையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தது.

சுகுணா வெளியே போகத் தன் அட்டையைக் காட்டினாள். சிவப்பு எரிந்தது.

மறுபடி காட்டினாள். சிவப்பு. டேவிட் சொன்னது நடந்துவிட்டது, கம்பெனி தான் கொடுத்த அட்டையை நிறுத்திவிட்டது. நாளை காலைவரைகூடக் காத்திருக்கவில்லை.

“வெளிய போறதுக்குமா சிவப்பு விழும்?” என்றான் முனிராஜ். இப்படி ஒன்றை அவன் பார்த்ததில்லை. சிவப்பு விழுந்தால் உள்ளே விடாதே என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள், வெளியே விடாதே என்று யாரும் சொல்லவில்லை. சாவியைப் போட்டுக் கையாலேயே கம்பியைத் தூக்கினான். பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

தவமணிக்குப் புரிந்துவிட்டது. “வேலை போச்சுங்களா அம்மிணி?”

“போச்சுக்கா.”

“எங்களாலதான?”

“உங்களாலயா? வரிசையா எல்லா வீட்டுலயும் அதப் போட்டு விட்டவ நான்.” சுகுணா சிவப்பு அட்டையைப் பையில் போட்டாள். எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை. கால்தான் வலித்தது. காலையிலிருந்து உட்காரவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த ஒருத்தி தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். அவள் இந்த அடுக்ககத்தைச் சேர்ந்தவள் இல்லை. பீளமேட்டுப் பக்கம், எட்டு மாசமாகச் சிவப்பு. ரோசலினுக்குச் சொந்தம். விஷயம் காதில் விழுந்ததும் பஸ் ஏறி வந்திருக்கிறாள். போனை நீட்டினாள், அதில் ஒரு படம் நின்றுகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சுகுணா சாலையோரத் திட்டில் உட்கார்ந்தாள். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் விரித்தாள். அது கம்பெனியுடையது இல்லை, அவள் சொந்தக் காசில் வாங்கியது.

“எத்தன மணிக்கு எடுத்த படம்?” என்றாள். “அந்த நேரத்துல நிஜமா எங்க நின்னு என்ன வேலை செஞ்சீங்க? ஒன்னும் விடாமச் சொல்லுங்க.”

அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள்.